வாடிக்கையாளர் பதிவேட்டின் பிழைகளிலிருந்து வணிக நடைமுறையைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஏதேனும் ஒரு கடையின் வாடிக்கையாளர் பதிவேட்டைத் திறந்து, கைபேசி எண்களை மட்டும் தனியே எடுத்து, எந்த எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உச்சியில் பெரும்பாலும் பத்து ஒன்பதுகள் நிற்கும். அடுத்து 9876543210 வரும். அதற்கும் கீழே, யாருடையது என்று உடனே சொல்ல முடியாத ஓர் எண், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பெயர்களுக்கு நேராக இருக்கும். இவற்றைக் குப்பை என்று அழித்துவிட்டு, பதிவேடு சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை கொடுப்பதே வழக்கம். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு தவறான பதிவும், ஓர் ஊழியர் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில் எடுத்த முடிவின் தடயம். துடைப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டால், எந்த நடைமுறைக் கையேட்டிலும் எழுதப்படாத, கடையில் உண்மையாகவே நடக்கிற நடைமுறை கைக்குக் கிடைக்கும்.

சில கிளைகள், ஒரு பில்லிங் மென்பொருள், கணக்குக்கு டேலி, மற்ற எல்லாவற்றுக்கும் எக்செல் என்று ஓடும் நடுத்தர வணிக நிறுவனங்களை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதியிருக்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையும், கவுண்டருக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தயங்காத கால்களும் வேண்டும்.

1. துடைக்காத நகலை முதலில் எடுத்து வையுங்கள்

பதிவேட்டை மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போது பெயர், முகவரி, எண் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், அந்தப் பதிவை யார் உருவாக்கினார், எந்தக் கிளையில், எந்தக் கவுண்டரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, பிறகு யார் எப்போது திருத்தினார் என்பவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் நிறுவனத்தார் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அது உள்ளே இருக்கும், திரையில் காட்டப்படாமல் இருக்கும், அவ்வளவுதான். இந்த விவரம் இல்லாவிட்டால் பிழை இருக்கிறது என்று மட்டும் தெரியும். அது எங்கே பிறந்தது என்று தெரியாது.

எக்செலில் திறக்கும்போது கவனம் வேண்டும். குறுகிய கட்டத்தில் கைபேசி எண்ணை அது 9.84E+09 என்று சுருக்கிக் காட்டும். அந்தத் தோற்றத்திலேயே சேமித்து வேறொரு மென்பொருளுக்கு அனுப்பினால் எண் போயே போய்விடும். எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05-04-2024 என்பது மே 4 ஆகிவிடும். 25-04-2024 என்பது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்புறம் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் ஒதுங்கியிருப்பதைக் கண்டால், பிழை கடையில் நடக்கவில்லை, உங்கள் மேசையில் இப்போதுதான் நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். எல்லா நெடுவரிசைகளையும் எழுத்துவடிவமாகவே இறக்கிக்கொள்வது இதற்கு எளிய தற்காப்பு. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம். 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் எண்ணிக்கையிலிருந்து ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் விடுபட்டதற்கு அந்தப் பழைய வடிவத்தின் வரம்பே காரணம்.

இன்னொன்று. இது தனிமனிதர்களின் விவரம். இந்தியாவில் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட விவரங்களைப் பற்றியதே. ஆய்வுக்கு எடுக்கும் நகலில் தேவையற்ற விவரங்களை நீக்கிவிடுங்கள். கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

2. எண்ணத் தொடங்கும் முன் நடந்து பாருங்கள்

ஒரு சலவை இயந்திரம் வாங்க வருகிறவரின் விவரம் எத்தனை கைகள் மாறுகிறது என்று பாருங்கள். சேல்ஸ்மேன் ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் மாடலையும் எழுதுகிறார். பில்லிங் கவுண்டரில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். தவணையில் வாங்கினால், கடையின் மூலையில் மேசை போட்டிருக்கும் நிதி நிறுவனத்தின் ஆள் தன் செயலியில் மீண்டும் எல்லாவற்றையும் கேட்டுப் பதிகிறார். டெலிவரி வண்டிக்காரர் சலானில் அடையாளக் குறிப்பு எழுதிக்கொள்கிறார். இன்ஸ்டலேஷனுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் மையம் தனியாக ஒரு புகார் எண் போடுகிறது. ஒரே மனிதர், ஐந்து பட்டியல்.

இந்த நடையின்போது பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் கேட்கிறார், யார் பதிகிறார், யார் பயன்படுத்துகிறார், தவறாக இருந்தால் யார் அவதிப்படுகிறார். பதிகிறவரும் அவதிப்படுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் கட்டங்களில்தான் பிழைகள் குவியும். பின்கோடு தவறானால் கேஷியருக்கு ஒன்றும் ஆகாது, வண்டிக்காரர்தான் சுற்றுவார். பணத்தொகை தவறானால் மாலையில் கேஷியரே விடை சொல்ல வேண்டும். ஆகவே தொகை அநேகமாகத் தவறுவதில்லை. ஒரே மனிதர், ஒரே திரை, ஒரே அவசரம். ஆனாலும் ஒரு கட்டம் துல்லியமாகவும் பக்கத்துக் கட்டம் ஒப்புக்கு நிரப்பப்பட்டும் இருப்பதன் விளக்கம் இதுவே. ஊழியரின் அக்கறையின்மை என்று முடிவுகட்டும் மேலாளர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்.

3. ஒவ்வொரு நெடுவரிசையையும் எண்ணுங்கள்

எக்செலில் மதிப்புகளைத் தொகுத்து எண்ணித் தரும் பிவட் டேபிள் ஒன்று போதும். முதலில், எத்தனை கட்டங்கள் காலி. அடுத்து, எந்த மதிப்பு அதிக முறை வருகிறது. அதற்கடுத்து வடிவம்: எழுத்துக்களின் நீளத்தை லென் சூத்திரத்தால் அளந்து, பத்து இலக்கம் இருக்க வேண்டிய கைபேசி எண்ணில் ஒன்பதும் பதினொன்றும் எத்தனை என்று பாருங்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதால் முதல் இலக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

மூன்றில் இரண்டாவதே பெரிய சாட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதைக் கேட்டால் 0, 5 என்று முடியும் எண்களில் விடைகள் குவியும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அந்தக் குவியலை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்ற அளவை இருக்கிறது. நாற்பது வயதுக்காரர்கள் ஊரில் திடீரென்று பெருகிவிடவில்லை. கேட்ட முறையும் சொன்ன முறையும் அந்த எண்ணில் பதிந்திருக்கின்றன. வாடிக்கையாளர் பதிவேட்டிலும் அப்படியே. பிறந்த தேதி 01-01-1990 என்று குவிந்தால் அது கவுண்டரின் கைவேலையாக இருக்கலாம். எனினும் அவசரப்பட வேண்டாம்: பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்டுக்கொடுத்த தேதியே வாழ்நாள் முழுவதும் சான்றிதழ்த் தேதியாக நிலைத்துவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். ஜனவரி 1 பல ஆண்டுகளில் பரவியிருந்தால் அது வாடிக்கையாளர் சொன்னது. ஒரே ஆண்டில் குவிந்திருந்தால் கவுண்டரில் போட்டது.

4. பிழைகளை வகை பிரித்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

காலிக் கட்டம் பெரும்பாலும் நேர்மையானது. கேட்கவில்லை, அல்லது சொல்லவில்லை. ஒப்புக்கு இட்ட பதிவு அப்படியல்ல. அது கேட்கப்படாத கேள்விக்கு எழுதப்பட்ட விடை. ஒரு குறிப்பிட்ட நாளில் காலிக் கட்டங்கள் திடீரென்று குறைந்து, அதே நாளில் பத்து ஒன்பதுகள் பெருகியிருந்தால், அன்றுதான் மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்று கேட்காமலே எழுதிவிடலாம். தலைமை அலுவலகத்தில் அந்த மாதம் தரவுத் தரம் முன்னேறியதாக வரைபடம் போட்டிருப்பார்கள்.

பெயர்க் கட்டம் தமிழ்நாட்டில் தனிக்கதை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கிய மென்பொருளை, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் ஊருக்குக் கொண்டுவந்தால், குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளியோ, ஒற்றை எழுத்தோ, அதே பெயர் மீண்டுமோ வந்து உட்காரும். இது பிழையே அல்ல. வடிவமைத்தவர் இந்தக் கவுண்டரைப் பார்க்காமல் வடிவமைத்தார் என்பதற்கான சான்று. ஆங்கில எழுத்தில் பதியும்போது 'த'வுக்கு ஒருவர் டி-யும் எச்-உம் போடுவார், மற்றவர் டி மட்டும் போடுவார். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச், மற்றவர் எல். ஆகவே ஒரே செந்தில், ஒரே கனிமொழி, மூன்று ஆட்களாகப் பெருகுகிறார்கள். இரட்டைப் பதிவுகளின் எண்ணிக்கை அதிகமென்றால், பழைய வாடிக்கையாளரைத் தேடுவதைவிடப் புதிதாக ஒருவரை உருவாக்குவது அந்தத் திரையில் எளிதாக இருக்கிறது என்று பொருள். எத்தனை சொடுக்குகள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரே எண்ணுக்குப் பல பெயர்கள் இருப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெயர்களின் தலைப்பெழுத்தும் முகவரியும் ஒத்துப்போனால் அது ஒரு குடும்பம். வீட்டுக்கு ஒரு எண் கொடுப்பது இயல்பு. பெயர்கள் வேறு, ஊர் ஒன்று என்றால், அது அந்த ஊரின் எலெக்ட்ரீஷியனாக இருக்கலாம். தன் ஊர்க்காரர்களை அழைத்துவந்து வாங்கித்தருகிறார், பேசுவதும் அவரே. நிறுவனத்தின் அமைப்புப் படத்தில் இல்லாத ஒரு விற்பனைப் பிரதிநிதி உங்களுக்கு இருக்கிறார் என்ற செய்தி, இரட்டைப் பதிவு என்ற தலைப்பின் கீழ் அழிக்கப்படவிருந்தது. ஊரும் வேறு, பெயரும் வேறு, கவுண்டர் மட்டும் ஒன்று, கூடவே போனஸ் புள்ளித் திட்டமும் நடக்கிறது என்றால், அந்தப் புள்ளிகள் யார் கணக்கில் சேர்கின்றன என்று தணிக்கையாளர் பார்க்கட்டும்.

எல்லாவற்றிலும் வளமானது, இடம் மாறி உட்கார்ந்த விவரம். முகவரியின் இரண்டாம் வரியில் "மாலை 6க்கு மேல் கூப்பிடவும்", "பாக்கி 2000 டெலிவரியில்", "மாடி, லிஃப்ட் இல்லை" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மென்பொருளில் இடம் தராத வேலையை ஊழியர்கள் முகவரிக் கட்டத்துக்குள் நடத்துகிறார்கள். டெலிவரியில் பாக்கி வாங்கும் பழக்கம் நிறுவனத்தில் இல்லை என்று மேலாளர் சத்தியம் செய்வார். முகவரிக் கட்டம் இருக்கிறது என்று சொல்லும்.

5. ஒரு கட்டத்தைக் கொண்டு இன்னொன்றைச் சோதியுங்கள்

மொத்த வியாபாரமும் நடக்கும் நிறுவனமென்றால் ஜிஎஸ்டி எண்ணைப் போல உதவுவது வேறில்லை. பதினைந்து எழுத்துக்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளம் 32, கர்நாடகம் 29. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து. தட்டச்சுப் பிழையை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பான் எண்ணின் நான்காம் எழுத்து உரிமையாளரின் வகையைச் சொல்லும்: தனிநபருக்கு பி, கம்பெனிக்கு சி, கூட்டு நிறுவனத்துக்கு எஃப். அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து. பார்ட்டியின் பெயர் பிரைவேட் லிமிடெட் என்று முடிந்து, ஆறாவது எழுத்து பி என்று இருந்தால், அவர் தனியுரிமையாக நடத்திய காலத்து எண் உங்கள் லெட்ஜரில் இன்னும் கிடக்கிறது. பெயரை யாரோ மாற்றினார்கள், எண்ணை மாற்றவில்லை. பெயர் மாற்றம் கடிதமாக வந்து விற்பனைப் பிரிவோடு நின்றுவிட்டது, கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே இதன் செய்தி. அதேபோல், பான் ஒன்று, மாநிலக் குறியீடு வேறு என்று இரண்டு லெட்ஜர்கள் இருந்தால் அது இரட்டைப் பதிவன்று. ஒரே நிறுவனத்தின் இரு மாநிலப் பதிவுகள். சேர்த்துவிடாதீர்கள்.

இந்தப் பிழை எங்கே வலிக்கும் என்று தொடர்ந்து போங்கள். எண் தவறாக இருந்தால், வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கொள்முதல் அறிக்கையில் உங்கள் இன்வாய்ஸ் வராது. 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் தன் கணக்கில் காட்டிய இன்வாய்ஸுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) என்பதால், அவர் பணத்தை நிறுத்திவைப்பார். உங்கள் வசூல் பிரிவு அவரை 'இழுத்தடிக்கும் பார்ட்டி' என்று குறித்து வைத்திருக்கும். வசூல் தாமதப் பட்டியலையும் தவறான ஜிஎஸ்டி எண் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எத்தனை தாமதங்கள் நாமே உண்டாக்கியவை என்பது தெரியும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் மின்-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து பெறும் இன்வாய்ஸ்) கட்டாயம் என்பதால், போலி எண் அந்த வாசலிலேயே தடுக்கப்பட்டுவிடும். அதற்குக் கீழே உள்ளவர்களிடம் இந்தப் பிழை சத்தமில்லாமல் நிலைத்திருக்கும்.

பில்லை ரத்து செய்து, அதே சரக்கு, அதே தொகைக்கு ஜிஎஸ்டி எண்ணோடு மறுபடி போட்ட பில்களையும் தேடுங்கள். அவை அதிகமென்றால், "ஜிஎஸ்டி பில் வேண்டுமா?" என்ற கேள்வி பில் அடித்த பிறகுதான் கேட்கப்படுகிறது, அல்லது கேட்கப்படுவதே இல்லை. அடுத்த மாதம் 11 ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கையின் தாக்கல் நெருங்கும் நாட்களில் அவை குவிந்தால், பார்ட்டிகள் அழைத்துக் கேட்ட பிறகே நீங்கள் திருத்துகிறீர்கள்.

பின்கோடும் நல்ல சாட்சிதான், ஆனால் விதிகளைப் புரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண் அஞ்சல் பிரிப்புக்காக உண்டானது, மாநில எல்லைக்காக அல்ல. 605 என்று தொடங்குவதெல்லாம் புதுச்சேரி என்று சோதனை வைத்தால் விழுப்புரத்துக்காரர்கள் அனைவரும் பிழையாகத் தெரிவார்கள். 609 இல் மயிலாடுதுறையும் உண்டு, காரைக்காலும் உண்டு. மாஹே 673 இல் கேரளத்தோடு இருக்கிறது. இப்படிப்பட்ட பொய் எச்சரிக்கைகள் இரண்டு வந்தாலே கிளைக்காரர்கள் உங்கள் அறிக்கையைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள். நம்பத்தக்க தடயம் வேறு: ஒரு கிளையின் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கிளையின் பின்கோட்டையே கொண்டிருந்தால், திரையில் அது முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது, யாரும் மாற்றுவதில்லை. சரக்குப் போக்குவரத்துக்கான ஈ-வே பில் தளம் பின்கோடுகளைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடுவதால் இந்தச் சோம்பலுக்கு அங்கே விலை உண்டு.

மாவட்டப் பெயரிலும் ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கிறது. 2019 இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்களும், 2020 இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. போன மாதம் சேர்த்த தென்காசி வாடிக்கையாளர் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தால், திரையில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இல்லை.

6. ஊகத்தோடு போய்க் கேளுங்கள்

இதுவரை மேசையில் கிடைத்தவை ஊகங்களே. "ஏன் தப்பாகப் போட்டாய்?" என்று கேட்டால் அடுத்த நாளிலிருந்து பிழையை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். கார் நிறுவனமான டொயோட்டாவில் பொறியாளர் தாயிச்சி ஓனோ வலியுறுத்திய, 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கும் வழக்கம் இங்கே பயன்படும். ஆனால் ஏன் என்பது நடைமுறையை நோக்கிய கேள்வியாக இருக்க வேண்டும், ஆளை நோக்கியதாக அல்ல.

ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த கிளை ஒன்றில் இன்ஸ்டலேஷன் தாமதப் புகார்கள் நின்றபாடில்லை. சர்வீஸ் ஆள் அழைத்தால் பல நேரங்களில் எடுத்தவர் வாடிக்கையாளர் அல்லர், அதே ஷோரூமின் மேலாளர். அடிக்கடி வரும் எண்களில் மூன்றாவதாக இருந்தது அவருடைய எண். பில்லிங்கில் இருந்த பெண்ணிடம் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கட்டத்தில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "சார், நம்பர் கேட்டாலே கஸ்டமர் கோவிச்சுக்கிறாங்க. பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க, பில்லு போகணும்ல? ஒன்பது போட்டா எடுக்க மாட்டேங்குது, அதான் எங்க மேனேஜர் சார் நம்பரையே போட்டுடறேன்" என்றார். ஏன் கோபித்துக்கொள்கிறார்கள்? ஒருமுறை கொடுத்தால் ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை என்று குறுஞ்செய்தி ஓயாது. யார் அனுப்புவது? தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவு. விளம்பரப் பிரிவின் ஆர்வம் கவுண்டரில் பொய் எண்ணாக மாறி, மூன்று நாள் கழித்துச் சர்வீஸ் பிரிவின் தாமதமாக வெளிப்பட்டது. மூன்று பிரிவினரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

அந்த ஆய்வில் நான் எதிர்பாராதது டெலிவரி வண்டியின் முன்பெட்டியில் கிடைத்தது. கார்பன் நகல் சலான்களின் ஓரத்தில், வண்டிக்காரர் வழி கேட்பதற்காக வாங்கிய உண்மையான எண்கள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. பொருள் வீட்டுக்கு வர வேண்டும் என்னும்போது யாரும் எண் தர மறுக்கவில்லை. சரியான விவரம் நிறுவனத்துக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. கணினிக்குத் திரும்பும் பாதைதான் இல்லை.

7. கண்டதை எழுதுங்கள், பிழை பிறக்கும் இடத்தில் மாற்றுங்கள்

ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு வரி: பதிவேட்டில் கண்டது, அது காட்டும் நடைமுறை, நேரில் உறுதியானதா, யாருக்கு எவ்வளவு செலவு, யார் மாற்ற வேண்டும். உறுதியாகாததை ஊகம் என்றே குறியுங்கள். நிகழ்வுகளை வாடிக்கையாளர் எண், நிகழ்வு, நேரம் என்ற மூன்று நெடுவரிசைகளில் அடுக்கி, நிகழ்வுப் பதிவுகளிலிருந்து நடைமுறையை வரைந்து காட்டும் ப்ராசஸ் மைனிங் மென்பொருளுக்குக் கொடுத்து வரைபடம் எடுப்பதும் உண்டு. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால், வாங்கியவர் ஒருவர், சர்வீஸுக்கு வந்தவர் வேறொருவர் என்று வரைபடம் அழகாகப் பொய் சொல்லும். எனவே இரட்டைப் பதிவுகளைப் புரிந்துகொண்ட பிறகே அந்த வேலை.

மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவை. மேலே சொன்ன கிளையில், பில்லிங்கில் எண் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, டெலிவரியின்போது வாங்கும் எண்ணை மாலையில் பதிவதென்றும், விளம்பரச் செய்திக்குத் தனியாகச் சம்மதம் கேட்பதென்றும் ஏற்பாடாயிற்று. இப்படிச் செய்தால் முதல் மாதம் காலிக் கட்டங்கள் கூடும், வரைபடம் கீழே இறங்கும். இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பதறிப்போய் மறுபடியும் கட்டாயமாக்கிவிடுவார்கள்.

அதன்பின் மாதம் ஒருமுறை அதே எண்ணிக்கையை, அதே முறையில், துடைக்காத நகலின் மேல் எடுங்கள். பத்து ஒன்பதுகளைத் தடுத்தால் 9876543210 வரும். அதையும் தடுத்தால் கடையின் எண். அதையும் தடுத்தால் முந்தைய வாடிக்கையாளரின் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறியது. இந்தக் கடைசி வகை அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியலில் தெரியவே தெரியாது. பதிவுகளை நேர வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்பது இலக்கங்கள் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் அகப்படும்.